அந்தத் தரகர் யாருடைய ஆள்?

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்கள். அம்மாப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். வங்கிக் கடனோடு சேர்த்துச் சொந்த வீடு வாங்கிவிடலாம் என்று கன்னங்குறிச்சி பக்கம் ஒரு பழைய தனி வீட்டைப் பார்த்தோம். 64 லட்சம் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அதே வீட்டை எங்களுக்கு மூன்று தரகர்கள் காட்டிவிட்டார்கள். முதலாமவர், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் அனுப்பி வைத்தவர். இரண்டாமவர், 'வீட்டுக்காரர் முழுப் பொறுப்பையும் என்னிடம்தான் விட்டிருக்கிறார், உங்களிடம் ஒரு பைசா கமிஷன் வேண்டாம்' என்கிறார். மூன்றாமவர் ஐந்து ரோடு அருகே அலுவலகம் வைத்திருக்கிறார். 'உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன், 2 சதவீதம் கொடுங்கள்' என்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பியோ, 'வாங்குகிறவருக்கென்று தனி ஏஜென்ட் வைத்து ஒப்பந்தம் போட்டாயா அக்கா?' என்று கேட்கிறான். நம் ஊரில் அப்படியெல்லாம் உண்டா? இந்த மூவரில் யாரை வைத்துக்கொள்வது, யாருக்குக் கமிஷன் கொடுப்பது? வீடு சரிவராவிட்டால் சூரமங்கலம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒரு ஃப்ளாட் பார்க்கலாம் என்கிறார் கணவர். இரண்டாவது தரகர், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் 10 சென்ட் வாங்கிப் போடுங்கள் என்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பேரில் உங்களுடைய ஆள் என்று இன்றைய தேதிக்கு ஒருவரும் இல்லை. அதனால் அவர்கள் மோசமானவர்கள் என்று அர்த்தமில்லை. உங்களுக்காக வேலை செய்யச் சொல்லி நீங்கள் யாரையும் இன்னும் அமர்த்தவில்லை, அவ்வளவுதான். நானும் இதே சேலத்தில் தரகு வேலை பார்த்துச் சாப்பிடுகிறவன். ஆகவே என் பேச்சையும் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள்.

தம்பி கேட்டது சரியான கேள்வி. அவர் இருக்கும் மாநிலத்தில், தரகர் தன்னிடம் வருகிறவருக்கு ஆரம்பத்திலேயே ஓர் அறிவிப்புத் தாளைக் கொடுத்து, தான் எந்த நிலையில் வேலை செய்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். அந்தத் தாளில் முக்கியமாக இருப்பவை நான்கு நிலைகள். விற்பவரின் ஏஜென்ட், வாங்குபவரின் ஏஜென்ட், இரு தரப்புக்கும் தெரியப்படுத்தி, இருவர் சம்மதத்தோடு இரண்டு பக்கமும் நிற்கும் ஏஜென்ட், யார் பக்கமும் சாராமல் பேச்சையும் காகிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துக் காரியத்தை முடிக்கிறவர். கொலராடோ, புளோரிடா போன்ற மாநிலங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரே ஆள் இரு தரப்புக்கும் ஏஜென்டாக இருக்கவே கூடாது என்று சட்டம் போட்டிருக்கின்றன. அங்கேயும் இது நேற்றுவரை ஒழுங்காக நடந்ததாக நினைக்க வேண்டாம். வாங்குபவரின் ஏஜென்டுக்கான கமிஷன் பெரும்பாலும் விற்பவரின் பணத்திலிருந்தே போய்க்கொண்டிருந்தது; வாங்குபவர் தனக்கு அது இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டை விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். அங்குள்ள தரகர்களின் தேசியச் சங்கம் சமரசத்துக்கு வந்தது. அதன்படி 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, தன் கட்டணம் இவ்வளவு என்று அதில் ஏஜென்ட் குறிப்பிட வேண்டும் என்றாகிவிட்டது. உங்கள் தம்பி சொல்வது அந்தக் கையெழுத்தைத்தான்.

நம் ஊரில் அந்தத் தாள் கிடையாது. ஆனால் அதில் சொன்ன நான்கு வகை ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அமெரிக்காவின் பல மாநிலங்களில் தடை செய்யப்பட்ட ஐந்தாவது வகையும் இங்கே தாராளமாக நடமாடுகிறது.

இரண்டாமவரிடமிருந்து தொடங்குகிறேன். 'உங்களிடம் ஒரு பைசா வேண்டாம்' என்றாரே, அந்த ஒரு வாக்கியத்திலேயே தான் யார் என்று சொல்லிவிட்டார். அவர் விற்பவரின் தரகர். வீட்டுக்காரருக்கு எவ்வளவு கூடுதல் விலை கிடைக்குமோ அதை வாங்கிக் கொடுப்பது அவர் வேலை. அதில் தப்பே இல்லை. அவரை உங்கள் நலம்விரும்பி என்று நினைத்துப் பேசுவதுதான் தப்பு. 'வங்கியில் 48 லட்சம் வரை தருகிறார்கள்', 'ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிபோய்விட வேண்டும்' என்று இரண்டு வார்த்தையை அவர் காதில் போட்டுவிட்டீர்கள் என்றால், 64 என்பது 63 ஆவதற்கே தவம் இருக்க வேண்டும். கோடையில் போர் தண்ணீர் நிற்கிறதா, மேல்தளம் மழைக்கு ஒழுகுகிறதா, பக்கத்து மனைக்காரரோடு சுவர்த் தகராறு உண்டா என்பதையெல்லாம் அவர் தானாக வந்து சொல்ல மாட்டார். நீங்கள் கேட்டால் பொய் சொல்லக் கூடாது; அந்த அளவுக்குத்தான் அவருக்கு உங்களிடம் கடமை. ஆகவே அந்தக் கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் சொல்லும்போது ஆளுக்கு நிதானம் தானாக வரும்.

இவர் வெறும் விற்பவரின் தரகராக இருந்தால் பிரச்சினை சின்னது. நான் சொன்ன ஐந்தாவது வகையாக இருந்தால்தான் கவலை. வீட்டுக்காரர், 'என் கைக்கு 58 வந்தால் போதும், அதற்கு மேலே உன் சாமர்த்தியம்' என்று சொல்லியிருப்பார். தரகர் உங்களிடம் 64 சொல்வார். நடுவில் நிற்கும் 6 லட்சம் அவருடையது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று கமிஷன் வாங்குகிறவனுக்கு இதில் கால்வாசிகூடக் கிடைக்காது. ஆனால் கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு! இப்படிப்பட்டவர் உங்களையும் வீட்டுக்காரரையும் தனியாகப் பேச விடவே மாட்டார். வீடு பார்க்கப் போகும் நேரத்தில் வீட்டுக்காரர் வெளியூர் போயிருப்பார். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் கூடவே உட்கார்ந்துகொண்டு, 'ஓனருக்குப் பேசத் தெரியாது, எல்லாம் நான்தான்' என்பார். ஒப்பந்தத்தில் 58 என்று எழுதிவிட்டு மீதியைத் தனியாக ரொக்கமாகக் கேட்பார். இந்தக் கடைசிக் கோரிக்கை வந்தால் அதோடு எழுந்து வந்துவிடுங்கள். வீடு, நிலம் விற்கும் விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அந்த ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். உங்களுக்கும் நஷ்டம்தான்: பத்திரத்தில் 58 என்று இருந்தால் வங்கி அதை வைத்தே கடனைக் கணக்கிடும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 58 என்றே நிற்கும்.

அவரிடம் நேருக்கு நேர் இரண்டே கேள்வி கேளுங்கள். 'உங்களுக்குக் கமிஷன் யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு? விலையை வீட்டுக்காரரோடு நேரில் உட்கார்ந்து முடிக்கலாமா?' நேர்மையான விற்பனைத் தரகர் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். மற்றவர் கோபப்படுவார்.

'முழுப் பொறுப்பு' என்ற வார்த்தையையும் விட்டுவிடாதீர்கள். அது வாய்ப்பேச்சாக இருக்கலாம். வீட்டுக்காரர் சார்பில் கையெழுத்துப் போட உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரமாக, அதாவது 'பவர்' ஆக இருக்கலாம். வீட்டைத் தானே வாங்கிக்கொள்வதாக வீட்டுக்காரரோடு இவரே கிரய ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கலாம். மூன்றும் மூன்று கதை. பவர் வாங்கியவர் கையெழுத்து வீட்டுக்காரரின் கையெழுத்துக்குச் சமம்; ஆனால் பவரே சொத்துரிமை ஆகிவிடாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் பத்திரம் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்த்து, கொடுத்தவரிடம் ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். அவர் இறந்துபோயிருந்தால் பவரும் பொதுவாக அதோடு முடிந்துவிடும். ஒப்பந்தம் போட்டு வைத்திருப்பவர் என்றால் அவர் தரகரே அல்லர். சொந்த லாபத்துக்காக நிற்கும் ஒரு தரப்பு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் அது தெரிய வேண்டும். தெரிந்தால், கிரயப் பத்திரத்தை வீட்டுக்காரர் உங்களுக்கு நேராக எழுதிக் கொடுக்க, இவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாவிட்டால், 'ஒப்பந்தம் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு வெறும் ஸ்டாம்ப் பேப்பரோடு சுற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே வீட்டிலிருந்து கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு எந்தத் தரகரும் தேவையில்லை.

இனி முதலாமவர். பால்காரர் வழியாக வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் கைமாறுகின்றன. வீடு காலியாகப் போகிறது என்ற செய்தி பால்காரருக்கோ இஸ்திரி போடுகிறவருக்கோ முதலில் தெரியும். அவர் ஒருவரிடம் சொல்வார், அவர் பத்திரத்தின் நகலைப் போனில் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார். கிரயத்தன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே நீங்கள் கேமராவுக்கு முகம் காட்டிக் கைரேகை வைத்துக்கொண்டிருப்பீர்கள். வெளியே வாசலில் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நான்கைந்து பேர் நிற்பார்கள். 'யார் சார் இவர்?' என்று உங்கள் கணவர் கேட்டால், 'நம்ம ஆள்தான் சார், அவருக்கும் பார்த்துச் செய்யுங்கள்' என்பார் உங்களோடு வந்தவர். அது உங்கள் கணக்கே அல்ல. வாங்குபவர் பக்கத்துக் கமிஷன் ஒரே தொகை; அதை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொண்டாலும் அவர்களுக்குள் முடிய வேண்டியது. இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், கிரயத்தன்று வாசலில் சத்தம் வராது.

இந்தச் சங்கிலியில் கடைசியாக உங்களிடம் வந்து நிற்பவர் பெரும்பாலும் இரு பக்கத் தரகர். உங்களிடம் ஒரு சதவீதம், வீட்டுக்காரரிடம் ஒரு சதவீதம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகரைப் பார்த்திருப்பீர்கள். வாங்குபவன் விரல் சொன்னது விற்பவனுக்குத் தெரியாது, விற்பவன் விரல் சொன்னது வாங்குபவனுக்குத் தெரியாது, இரண்டும் தெரிந்தவர் நடுவில் நிற்பவர் மட்டுமே. வீட்டுத் தரகிலும் இதேதான் நடக்கிறது. இரு பக்கமும் வாங்குவதை நம் ஊர் சட்டம் தடுக்கவில்லை. ஊர் வழக்கம் ஒப்புக்கொள்கிறது. நானும் பல கிரயங்களை அப்படித்தான் முடித்திருக்கிறேன். இருவருக்கும் தெரிந்து நடந்தால் அது ஒரு வேலை. ஒருவருக்கு மறைத்து நடந்தால் அது வேறு. இந்த வகைத் தரகர் உங்களுக்கு வீட்டைக் காட்டலாம், சாவி வாங்கித் தரலாம், பேச்சு முறிந்தால் ஒட்டவைக்கலாம். 'இந்த விலைக்கு வாங்கலாமா?' என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். கிரயம் முடிந்தால்தான் அவருக்கு இரண்டு பக்கமும் பணம். வேறு என்ன பதில் சொல்வார்? 60 வரை கொடுக்கத் தயார் என்றால் 57-லிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். 60 என்ற எண் உங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

மூன்றாமவர்தான் உங்கள் ஆளாக மாறக்கூடியவர். 'உங்கள் பக்கம் நிற்கிறேன்' என்று அவர் சொல்வதால் அல்ல. எல்லோரும்தான் அப்படிச் சொல்கிறார்கள். உங்களிடம் மட்டும் பணம் வாங்குவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தால்தான். இங்கே இதற்கென்று அச்சடித்த படிவம் கிடையாது. ஆனால் 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதில் முகவர் உறவைப் பற்றிய ஓர் அத்தியாயமே உண்டு. நம் தரகர்களில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். ஒருவர் உங்கள் முகவர் ஆகிவிட்டால், உங்களுக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தில் சொந்த வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை நீங்கள் கேட்கலாம் என்கிறது 216-ஆம் பிரிவு. வேறு பேச்சு இல்லாதவரை, ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகுதான் கூலி என்கிறது 219. வேலையில் முறைகேடு செய்தால் அந்தப் பகுதிக்குக் கூலியே கிடையாது என்கிறது 220. வாய்ச்சொல்லாலும் முகவர் உறவு உண்டாகும் என்பது உண்மை. ஆனால் நாளைக்கு நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தப் பகுதியில், எவ்வளவு பட்ஜெட்டுக்குள் வீடு தேடுகிறார் என்பது. மூன்று மாதம் என்று ஒரு கெடு. கமிஷன் இவ்வளவு, அது கிரயம் பதிவான அன்றைக்குத்தான், அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கு அல்ல என்பது. விற்பவரிடமிருந்தோ வேறு தரகரிடமிருந்தோ எதுவும் வாங்க மாட்டேன், வாங்கினால் முன்கூட்டியே சொல்லி இதில் கழித்துக்கொள்வேன் என்ற வாசகம். என் பார்வையில் இந்த வாசகம்தான் கடிதத்தின் உயிர். மற்றதெல்லாம் இருந்து இது இல்லாவிட்டால், நீங்கள் 2 சதவீதம் கொடுத்து இன்னொரு இரு பக்கத் தரகரை வைத்துக்கொண்டதாக ஆகும். இதைப் படித்ததும் அவர் தயங்கினால் வருத்தப்படாதீர்கள். உங்களுக்குத் தேவையான செய்தி கிடைத்துவிட்டது.

கன்னங்குறிச்சி வீட்டை உங்களுக்கு ஏற்கெனவே வேறு இருவர் காட்டிவிட்டார்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேடிக் கொடுக்கும் வேலை அவருக்கு இதில் இல்லை. விலை பேசுவது, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்று விசாரித்துச் சொல்வது, காகிதங்களைச் சேகரிப்பது மட்டுமே இருக்கிறது. அதற்கு 2 சதவீதம் கொஞ்சம் அதிகம். 64 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 1,28,000 ரூபாய். சேலத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று பேசுவதும் சகஜம், இரண்டு கேட்பதும் உண்டு. எந்தச் சட்டமும் விகிதத்தை நிர்ணயிக்கவில்லை, பேசினால் இறங்கும். விலை குறைந்தால் குறைந்ததில் இவ்வளவு என்று கூலி பேசுவது இன்னும் நல்லது. சதவீதக் கமிஷனில் விலை ஏறினால்தானே அவருக்கு வருமானம் ஏறுகிறது? அலுவலகம் வைத்திருப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் கமிஷன் மேல் 18 சதவீதம் வரும். சொன்ன தொகைக்குள் அது அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இந்தக் கமிஷனைப் பெரிய செலவு என்று நினைத்துக்கொண்டே பலர் வேறு கணக்குகளைக் கோட்டைவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 64 லட்சத்துக்கு 5,76,000 ரூபாய். அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 64 லட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதன்மேல் வரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டும் பொறுப்பும் உங்களுடையது. வீட்டுக்காரர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் விகிதமே வேறு. ஆடிட்டரைப் பார்க்காமல் காசோலை எழுத வேண்டாம். உங்கள் ஆள் என்று ஒருவரை வைத்துக்கொண்டால் இதையெல்லாம் அவரே நினைவூட்ட வேண்டும். நினைவூட்டுகிறாரா என்று பாருங்கள்.

சூரமங்கலம் ஃப்ளாட் விஷயத்தில் நிலைமை வேறு. அங்கே சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் தமிழ்நாடு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அதில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். தன் பதிவு எண்ணை அவர் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். திட்டத்தின் ஆவணங்கள், விவரங்கள் எல்லாம் புக்கிங் நேரத்திலேயே உங்கள் கைக்குக் கிடைக்க உதவ வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த வீட்டு மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். கட்டுமான நிறுவனமும், எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதியாமல், விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: பதிவு எண் இருக்கிறது என்பதால் அந்த ஏஜென்ட் உங்கள் ஆள் ஆகிவிட மாட்டார். நிறுவனத்தின் டீ-சர்ட் போட்டுக்கொண்டு மாதிரி வீட்டைக் காட்டுகிறவர் நிறுவனத்தின் ஆள். அவர் சொல்லும் 'இந்த வாரத்தோடு விலை ஏறுகிறது' என்பதை அந்தக் கணக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கன்னங்குறிச்சி வீடு ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பழைய தனி வீடு. இந்தச் சட்டத்தின் நிழல் அங்கே விழாது. அங்கே உங்களுக்கு இருப்பது நீங்கள் எழுதி வாங்கும் கடிதம் மட்டும்.

ஏற்காடு நிலத்தைப் பற்றி நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. வேண்டாம். அல்லது இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்கே கடன் வாங்குகிறவர்களிடம் மலையில் 10 சென்ட் விற்கப் பார்க்கிறவர், அதில் தனக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், பனியில் மிளகுக் கொடியும் காபிச் செடியும் பார்த்தவுடன் யாருக்கும் மனசு இளகும். இந்தத் தொழிலில் அந்த இளகிய மனசுக்குத்தான் விலை. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது. வீடு கட்ட வழக்கமான அனுமதியோடு அந்தக் குழுமத்தின் இசைவும் வேண்டும். அங்கீகாரம் பெறாத மனையைப் பதிவு செய்யவே பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. அதைத் தாண்டுவதற்கு, தோட்டத்தைப் பிரிக்காமல் 'பிரிபடாத பாகம்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். உங்கள் 10 சென்ட் எது என்று தோட்டத்தில் நின்று கைகாட்ட முடியாத சொத்து அது. நிலம் மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படைத்ததாக இருந்தால், யாருக்கு விற்கலாம் என்பதிலேயே நிபந்தனை இருக்கும். இத்தனையையும் சரிபார்க்க மலைநிலம் தெரிந்த வழக்கறிஞரும் நில அளவையரும் வேண்டும். விற்பவரின் தரகரை நம்பி இறங்கும் இடமல்ல அது.

வழக்கறிஞர் என்றதும் இன்னொன்று. 'வங்கியில் லீகல் பார்ப்பார்கள், கவலை வேண்டாம்' என்று மூன்று தரகர்களுமே சொல்லியிருப்பார்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் கடன் திரும்பி வருமா என்பதை. பாதைப் பிரச்சினையோ, நாளைக்கு உங்களுக்கு இடைஞ்சலாகும் சின்ன நிபந்தனையோ அவர் கண்ணில் பட்டாலும், உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தரகர் கூட்டிவரும் பத்திர எழுத்தரும் தரகருக்கு வேண்டியவர். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கம், கட்டட அனுமதி, சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் நீங்களே தேர்ந்தெடுத்த வழக்கறிஞர் ஒருவரிடம் பணம் கொடுத்துக் காட்டுங்கள். கிரயம் நடக்காவிட்டாலும் தன் கட்டணம் கிடைத்துவிடும் என்று தெரிந்தவர் இந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். அதனால்தான் 'வாங்காதே' என்று சொல்லும் தெம்பு அவருக்கு இருக்கிறது.

கமிஷன் யாருக்கு என்று கேட்டீர்கள். முதலில் உங்களை அந்த வாசலுக்குக் கூட்டிப்போனவர் பால்காரர் அனுப்பியவர். ஊர் வழக்கப்படி வாங்குபவர் பக்கத்து உரிமை அவருக்குத்தான். அவரைத் தாண்டிப் போய் இன்னொருவர் மூலம் முடித்தால் கிரயத்தன்று சண்டை நிச்சயம். இரண்டாமவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை, அவரே சொல்லிவிட்டார். அதையும் ஒரு குறுஞ்செய்தியாக அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவரை நான் சொன்ன கடிதத்தோடு வைத்துக்கொள்வதாக இருந்தால், முதலாமவருக்கு அரை சதவீதம், இவருக்கு ஒன்று என்று பிரித்துப் பேசுங்கள். மொத்தம் ஒன்றரைக்கு மேல் போக வேண்டாம், 64 லட்சத்துக்கே கணக்குப் போட்டாலும் அது 96,000. மூன்றாமவர் ஒத்துவராவிட்டால் முதலாமவருக்கு ஒரு சதவீதம் கொடுத்து, பேரத்தை நீங்களும் கணவரும் வீட்டுக்காரரோடு நேரில் உட்கார்ந்து முடியுங்கள். எதுவானாலும் ஒப்பந்தத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் மூவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, யாருக்கு எவ்வளவு, யாருக்கு இல்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். ஒருவர் மூலம் இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பினால் தொகை போய்ச் சேருவதற்குள் மாறிவிடும்.